முதல் பக்கம் இல்லாத புத்தகம்

சித்தூரிலிருந்து வரும் சாலை புத்தலப்பட்டில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பீலேர் வழியாகக் கடப்பைப் பக்கம் போகும். இன்னொன்று திருப்பதிக்கு. பிரியும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி என் சித்தப்பா வீடு. முப்பது வருஷம் சயன்ஸ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கோபம் வந்தால் இங்கிலீஷ். நான் போய் இறங்கியபோது இங்கிலீஷில் இருந்தார்.

காரணம், பேத்தி. பத்தாம் வகுப்பு. பள்ளியில் பேச்சுப் போட்டி. 'பிரபஞ்சம் எப்படித் தோன்றியது?' என்ற தலைப்பை அவளே தேர்ந்தெடுத்திருந்தாள். ஐந்து நிமிஷம் பேச வேண்டும். நாலு நிமிஷத்துக்கு எழுதி முடித்துவிட்டாள். சண்டை கடைசி நிமிஷத்தைப் பற்றி. பிரபஞ்சம் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டா, இல்லையா? எதைச் சொல்லி முடிப்பது?

"பானை இருந்தா குயவன் இருந்தே ஆகணும். பிக் பாங் நடந்துச்சுன்னு சயன்ஸே ஒத்துக்கிச்சு. அப்போ நடத்தினவன் ஒருத்தன் உண்டுன்னு முடி" என்றார் சித்தப்பா.

பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் அவள் அண்ணன் போனில் வேறு மாதிரி சொன்னான். "தாத்தா பேச்சைக் கேட்டா எல்லாரும் சிரிப்பாங்க. ஒண்ணுமே இல்லாததுலேருந்து தானா வந்துச்சுன்னு ஹாக்கிங்கே எழுதிட்டாரு. கடவுள் தேவையில்லைன்னு முடி."

சமையலறையிலிருந்து சித்தியின் குரல் மட்டும் வந்தது. "ஏங்க, காணிப்பாக்கம் பிள்ளையாரைச் செஞ்ச குயவன் யாரு?"

சித்தப்பா பேசவில்லை. பக்கத்து ஊர்க் காணிப்பாக்கத்து வரசித்தி விநாயகர் சுயம்பு, கிணற்றிலிருந்து தானாகத் தோன்றியவர் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருடைய நம்பிக்கை. சித்தப்பாவுக்கும் அதே நம்பிக்கைதான். பிள்ளையார் தானாகத் தோன்றலாம் என்றால் பிரபஞ்சம் ஏன் தோன்றக்கூடாது என்பதுதான் சித்தியின் கேள்வி. சித்தி எட்டாவது வரை படித்தவர்.

"பெரியப்பா, நீங்க சொல்லுங்க" என்றாள் பெண்.

மறுநாள் எல்லோரும் திருமலைக்குப் போவதாக ஏற்பாடு. வழியில் பேசிக்கொள்ளலாம் என்று தப்பித்தேன்.

அவள் எழுதியிருந்த நாலு நிமிஷமும் சரியாகவே இருந்தது. காலக்ஸிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகின்றன. 1927-ல் பெல்ஜியத்துக்காரர் லெமைத்ர கணக்குப் போட்டுச் சொன்னார். 1929-ல் அமெரிக்காவின் ஹப்பிள் அளந்து காட்டினார். படத்தைப் பின்னோக்கி ஓட்டினால் எல்லாம் நெருங்கி, அடர்ந்து, சூடாகிக்கொண்டே போகும். அந்தச் சூட்டின் மிச்சம் இன்னும் வானமெங்கும் இருக்க வேண்டும். 1964-ல் நியூ ஜெர்ஸியில் பென்ஸியாஸ், வில்சன் என்ற இருவர் தங்கள் ரேடியோ ஆண்டெனாவில் போகாத ஓர் இரைச்சலைக் கேட்டார்கள். புறா எச்சமாக இருக்குமோ என்று துடைத்துக்கூடப் பார்த்தார்கள். இரைச்சல் போகவில்லை. எந்தத் திசையில் திருப்பினாலும் அதே அளவு. அதுதான் மிச்சச் சூடு. இன்றைய கணக்கில் 2.7 கெல்வின். பிரபஞ்சத்தின் வயது சுமார் 1380 கோடி வருஷம்.

புத்தலப்பட்டிலிருந்து திருப்பதி சாலையில் போகும்போது, பாகாலா பக்கம் காதங்கி என்ற கிராமம் வரும். அங்கே விண்வெளித் துறையின் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. காரை ஓரம் கட்டச் சொன்னேன். உள்ளே போகவில்லை. உள்ளே இருப்பதைச் சொன்னேன். 130 மீட்டருக்கு 130 மீட்டர் திடலில் 1024 ஆண்டெனாக்கள். ஒரு காலத்தில் நம் மொட்டை மாடிகளில் தூர்தர்ஷனுக்காக நட்டிருந்தோமே, அந்த ஜாதிதான். 1990-களின் தொடக்கத்திலிருந்து வேலை செய்யும் ராடார் அது. 53 மெகாஹெர்ட்ஸில் மேலே சிக்னல் அனுப்பி, திரும்பி வரும் மெல்லிய எதிரொலியை வைத்து மேலடுக்குக் காற்றின் போக்கைக் கணிக்கிறது.

"இதுக்கும் பிக் பாங்குக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் சித்தப்பா.

நேரடியாக எதுவும் இல்லை. ஆனால் 53 மெகாஹெர்ட்ஸில் காதைத் திறந்து வைத்தால் எதிரொலி மட்டும் விழாது. வானத்தின் இரைச்சலும் விழும். பெரும்பகுதி நம் பால்வீதியின் சத்தம். பால்வீதி தலைக்கு மேலே வரும்போது ஏறும், போனதும் இறங்கும். காற்றை அளப்பவர்களுக்கு இது தொல்லை. ஆனால் அந்தத் தொல்லையில் இன்னொன்றும் கலந்திருக்க வேண்டும் என்கிறது கணக்கு. ஹைட்ரஜன் அணு இயல்பாக 1420 மெகாஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய ரேடியோ அலையை வெளியிடும். பிரபஞ்சம் விரிய விரிய அந்த அலையும் நீளும். சுமார் 27 மடங்கு நீண்டால் 53 மெகாஹெர்ட்ஸில் வந்து நிற்கும். அப்படி நீள வேண்டுமென்றால், பிரபஞ்சத்துக்கு ஏறக்குறைய 12 கோடி வயதானபோது அது புறப்பட்டிருக்க வேண்டும். நட்சத்திரங்கள் பிறக்கத் தொடங்கிய காலம். பால்வீதியின் சத்தம் சில ஆயிரம் கெல்வின் என்றால், இந்தச் சமாசாரம் ஒரு கெல்வினில் சிறு பங்கு. சந்தை இரைச்சலில் ஓர் எறும்பு நடக்கும் சத்தம் மாதிரி. காதங்கி ராடாரால் அதைப் பிரித்தெடுக்க முடியாது. அது அதன் வேலையும் இல்லை.

அதையே வேலையாக வைத்திருப்பவர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள். ராமன் ஆராய்ச்சிக் கழகத்தின் 'சாரஸ்' குழு. 2018-ல் அமெரிக்கக் குழு ஒன்று, ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் வைத்த ஆண்டெனாவால் அந்த எறும்பின் சத்தத்தைக் கேட்டுவிட்டதாக அறிவித்தது. பிரபஞ்சத்துக்குச் சுமார் 18 கோடி வயதானபோது வந்த சிக்னல் என்றார்கள். உலகமெங்கும் பரபரப்பு. எதிர்பார்த்ததைவிடப் பெரிய சிக்னல் என்பதால் புதிய பௌதிகமே தேவைப்படும் என்று கட்டுரைகள் குவிந்தன. நம்மவர்கள் 2020-ல் ஆண்டெனாவை ஒரு தெப்பத்தில் ஏற்றிக் கர்நாடகத்தின் தண்டிகனஹள்ளி ஏரியிலும் ஷராவதி அணைத் தேக்கத்திலும் மிதக்கவிட்டார்கள். தரையில் வைத்தால் அடியிலிருக்கும் மண்ணும் பாறையும் கணக்கைக் கெடுக்கும், தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும் என்பது யோசனை. 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். அப்படி ஒரு சிக்னல் தங்களுக்குக் கேட்கவில்லை என்றார்கள்.

"தொடக்கத்துக்கு 18 கோடி வருஷம் கழிச்சு நடந்ததைச் சொல்றதுக்கே ஏரியில தெப்பம் விட வேண்டியிருக்கு. தொடங்கின கணத்தைப் பத்தி தாத்தாவும் அண்ணனும் எவ்வளவு தைரியமா பேசறாங்க, பார்த்தியா?" என்றேன். அவள் சிரித்தாள். சித்தப்பா வெளியே பார்த்தார்.

இன்னும் பின்னால் போகலாம். மிச்சச் சூடு புறப்பட்டது 3 லட்சத்து 80 ஆயிரம் வயதில். ஹீலியம் உருவானது முதல் சில நிமிஷங்களில். அந்தக் கணக்கும் இன்று வானத்தில் காணும் ஹீலியத்தின் அளவும் ஒத்துப்போகின்றன. அதற்கும் முன்னால், ஒரு விநாடியின் மிகச் சிறு பங்கு வரை, ஆக்ஸிலரேட்டர்களில் துகள்களை மோதவிட்டுக் கற்றதை வைத்து ஓரளவு பேசலாம். அதற்கும் அப்பால் சோதித்தறிந்த விதி ஏதும் கையில் இல்லை. பெருவெடிப்புக் கொள்கை என்று நாம் சொல்வது, சூடான ஒரு பழைய நிலையிலிருந்து இன்றுவரை நடந்த கதை. எப்படித் தொடங்கியது என்ற அத்தியாயம் அதில் இல்லை. பலர் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். பெயர் அப்படி. அந்தப் பெயரை வைத்தவர் ஃப்ரெட் ஹாயில். 1949-ல் பி.பி.சி. ரேடியோவில். அவர் அந்தக் கொள்கையின் முதல் எதிரி!

சமன்பாடுகளைப் பின்னோக்கி ஓட்டினால் எல்லாம் ஒரு புள்ளியில் குவிகிறதே, அது தொடக்கம் இல்லையா? இந்தக் குவியலைத் துல்லியமாகச் சொன்னவர் ஓர் இந்தியர். கல்கத்தாவில் அமல்குமார் ராய்சௌத்ரி. 1955-ல் அவர் வெளியிட்ட சமன்பாடு, ஈர்ப்பு என்பது பாதைகளை எப்படி ஒன்றை நோக்கி ஒன்று வளைக்கிறது என்று காட்டியது. பத்து வருஷம் கழித்துப் பென்ரோஸும் பிறகு ஹாக்கிங்கும் நிறுவிய புகழ்பெற்ற தேற்றங்களுக்கு அதுதான் அஸ்திவாரம். ஆனால் அந்தத் தேற்றங்கள் சொல்வது என்ன? இந்தப் பாதையைப் பின்தொடர்ந்தால் ஓர் இடத்துக்கு மேல் போக முடியாது என்பது மட்டுமே. அங்கே ஒரு குயவர் நின்றார் என்றோ, யாரும் நிற்கவில்லை என்றோ அவை சொல்லவில்லை. வரைபடம் முடிகிறது. அவ்வளவுதான்.

இதை முதலில் புரிந்துகொண்டவர், ஆச்சரியமாக, ஒரு பாதிரியார். மேலே சொன்ன லெமைத்ர கத்தோலிக்கக் குரு. 1951-ல் போப் பன்னிரண்டாம் பயஸ், நவீன விஞ்ஞானம் படைப்புக்குச் சான்று கூறுகிறது என்ற தோரணையில் பேசினார். வேறு யாராக இருந்தாலும் மகிழ்ந்திருப்பார்கள். லெமைத்ர சங்கடப்பட்டார். தன் கொள்கை பௌதிகம், அதை வேதத்துக்குச் சாட்சியாக நிறுத்த வேண்டாம் என்பது அவர் நிலை. இன்று கடவுளுக்குச் சாட்சி என்று நிறுத்தினால், நாளை கணக்கு மாறும்போது கடவுளையும் கூண்டில் ஏற்ற வேண்டிவரும். பக்திமானுக்கு அந்தக் கவலை இருக்கத்தானே வேண்டும்?

எதிர்ப்பக்கத்தில் நம் ஜெயந்த் நார்லிகர். 1938-ல் கோலாப்பூரில் பிறந்து, கேம்பிரிட்ஜில் ஹாயிலின் மாணவரானவர். பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே கிடையாது, விரிய விரியப் புதுப் பொருள் உருவாகிக்கொண்டே இருக்கிறது என்பது ஹாயில் கட்சி. 'ஒன்றுமில்லாமல் பொருள் எப்படி வரும்?' என்று ஹாயிலைக் கேலி செய்தார்கள். நார்லிகரின் பதில் கூர்மையானது: கொஞ்சம் கொஞ்சமாக வருவது தப்பென்றால், பெருவெடிப்பில் மொத்தமும் ஒரே கணத்தில் வந்ததாகச் சொல்கிறீர்களே, அது மட்டும் எந்தச் சட்டப்படி? மிச்சச் சூடு கண்டுபிடிக்கப்பட்ட பிறகு பழைய வடிவில் அந்தக் கட்சி நிற்கவில்லை. 1993-ல் ஹாயில், பர்பிட்ஜுடன் சேர்ந்து திருத்திய வடிவம் கொண்டுவந்தார். விஞ்ஞானிகளில் மிகப் பெரும்பாலோர் அதையும் ஏற்கவில்லை. புனேயில் ஐயுக்கா என்ற வானியல் மையத்தைத் தொடங்கி வளர்த்த அவர், 2025 மே மாதம் காலமாகும் வரை கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை. பதில் தப்பாக இருக்கலாம். கேள்வி தப்பில்லை.

"சரி, உன் நார்லிகர் இருக்கட்டும். பானை விஷயத்துக்கு வா" என்றார் சித்தப்பா.

வந்தேன். பானை உதாரணம் சாதாரணமானதல்ல. 13-ம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் முதல் சூத்திரத்தில் எடுத்துக்கொண்ட விஷயமே இதுதான். உலகம் தோன்றி, இருந்து, ஒடுங்குவது. ஆகவே அதை நடத்தும் ஒருவன் உண்டு. உரைகாரர்கள் பானையைக் கொண்டு மூன்று காரணங்களைப் பிரித்துக் காட்டுவார்கள். மண் முதற்காரணம். சக்கரமும் கோலும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். ஆனால் சித்தப்பா ஒன்றைக் கவனிக்கவில்லை. சித்தாந்தத்தில் குயவன் மண்ணை உண்டாக்குவதில்லை. மாயை என்னும் மண் அநாதி. இறைவனும் அநாதி, உயிர்களும் அநாதி. சூனியத்திலிருந்து உலகம் வந்தது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. ஆக 'பிக் பாங்கில் எல்லாம் ஒன்றுமில்லாமல் வந்தது, அதனால் கடவுள் உண்டு' என்பது நம் சைவர்களின் வாதமல்ல. வேறு எங்கோ இரவல் வாங்கியது.

நம்மிடம் மறுபக்கமும் இருந்தது. வேதத்தையே பிரமாணமாகக் கொண்ட மீமாம்சகர் குமாரிலர், உலகம் ஒருநாள் மொத்தமாகப் படைக்கப்பட்டது என்பதை ஏற்கவில்லை. சமணர்களும் உலகம் அநாதி என்றார்கள். மணிமேகலையில் அவள் வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் 'உன் கொள்கை என்ன?' என்று கேட்கிறாள். பூதங்கள் கூடியே எல்லாம் ஆயிற்று என்பவனிடமும் கேட்கிறாள். கேட்ட பிறகுதான் முடிவு செய்கிறாள். பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு நல்ல முன்மாதிரி.

குயவர் வாதத்தில் இன்னொரு கண்ணியும் தளர்வாக இருக்கிறது. உலகில் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது, சரி. (யுரேனியம் அணு ஏன் இந்தக் கணத்தில் சிதைந்தது, அடுத்த கணத்தில் ஏன் இல்லை என்பதற்குக் காரணம் இன்னும் அகப்படவில்லை. அதை விடுவோம்.) அதனால் மொத்தத்துக்கும் காரணம் உண்டு என்று ஆகுமா? திருமலை வரிசையில் நிற்கும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு டோக்கன் இருக்கலாம். வரிசைக்கு ஒரு டோக்கன் உண்டா? மேலும் காரணம் என்றால் காரியத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். காலமே அங்கேதான் தொடங்கியது என்றால் 'முன்னால்' என்பது எது? சாலையே போடாத இடத்தில் மைல்கல்லை எங்கே நடுவது?

சித்தப்பாவை மட்டும் மடக்கினால் நியாயமில்லை. பெங்களூர்ப் பையனுக்கும் பங்கு உண்டு. ஹாக்கிங் 2010-ல் எழுதியது உண்மைதான்: ஈர்ப்பு விதி இருப்பதால் பிரபஞ்சம் தன்னைத்தானே படைத்துக்கொள்ளும், கடவுள் வேண்டாம் என்று. ஆனால் விதி ஒன்று ஏற்கெனவே இருந்தால் அது 'ஒன்றுமில்லை' ஆகாது. கடன் வாங்காமல் கடை தொடங்கினேன், கடை மட்டும் மாமனாருடையது என்பது போல. ஹாக்கிங்கும் ஹார்ட்டிலும் 1983-ல் ஒரு மாதிரி தந்தார்கள், காலத்துக்கு ஓரமே கிடையாது என்று. இந்தியாவில் பிறந்த அபய் அஷ்டேகரும் சகாக்களும் 2006-ல் வேறொன்று தந்தார்கள். அதில் பெருவெடிப்பு என்பது ஒரு துள்ளல். அதற்கு முன்னால் சுருங்கிக்கொண்டிருந்த இன்னொரு பிரபஞ்சம். எல்லாம் அழகான கணிதம். வானத்திலிருந்து சாட்சி எதற்கும் இதுவரை வரவில்லை. காகிதத்தில் சாத்தியம் என்பதும் நடந்தது என்பதும் வேறு வேறு. அதை மறந்து, 'விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது' என்று எவர் சொன்னாலும், திருநீறு பூசிச் சொன்னாலும் பூசாமல் சொன்னாலும், தப்பு ஒன்றுதான்.

'நம்ம முன்னோர் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்' என்ற மூன்றாவது கட்சியும் உண்டு. பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி வருஷம், பூமியின் வயது ஏறக்குறைய 450 கோடி, பார்த்தீர்களா என்பார்கள். பெரிய எண்களை நினைக்கத் துணிந்தது பெருமைதான். ஆனால் அது அளந்து வந்த எண் அல்ல. பக்கத்தில் விழுந்தால் சொல்கிறோம், விலகி விழும் எண்களைச் சொல்வதில்லை.

பேசிக்கொண்டே திருப்பதி தாண்டி மலைப்பாதை ஏறத் தொடங்கிவிட்டோம். ஒரு திருப்பத்தில் பாறைச் சரிவைக் காட்டினேன். கீழே மிகப் பழைய கருங்கல் வகைப் பாறை. அதன் மேல் அடுக்கு அடுக்காக வேறு நிறப் பாறை. இரண்டும் சந்திக்கும் கோடு கண்ணால் பார்க்கக்கூடியது. அதை நாட்டின் புவியியல் நினைவுச் சின்னமாகவே அறிவித்திருக்கிறார்கள். கீழ்ப்பாறை உருவானதற்கும் மேல்ப்பாறை படிந்ததற்கும் நடுவே பல பத்துக் கோடி வருஷங்கள். அந்தக் காலத்துக்கு அங்கே ஒரு பாறைகூடக் கிடையாது. இருந்தது தேய்ந்து போயிற்று, அல்லது படியவே இல்லை. கோவிந்தா சொல்லிக்கொண்டு அதைக் கடக்கும் பஸ்களில் எத்தனை பேருக்குத் தெரியும், கிழிந்துபோன ஒரு பக்கத்தைத் தாண்டிப் போகிறோம் என்று?

அவள் வெகுநேரம் திரும்பிப் பார்த்தபடி இருந்தாள். "அங்க நடுவுல காலம் இருந்துச்சுன்னு தெரியும். எழுத்துதான் இல்லை. பிரபஞ்சத்துக்கு, அந்த இடத்துல காலம் இருந்துச்சான்னே தெரியாது. அப்படித்தானே பெரியப்பா?"

நான் இத்தனை நேரம் பேசியதை இரண்டு வரியில் சொல்லிவிட்டாள்.

போட்டி அடுத்த வாரம் நடந்தது. கடைசி நிமிஷத்தில் அவள், இதுவரை தெரிந்தது எது, எந்த இடத்தோடு அது நிற்கிறது என்று சொல்லி, "அதற்கு அப்பால் காரணம் உண்டென்றும் நான் சொல்ல மாட்டேன், இல்லையென்றும் சொல்ல மாட்டேன். கண்டுபிடிக்க ஆசைப்படுகிறேன்" என்று முடித்தாளாம். கைதட்டல் சுமார். பரிசு இல்லை. முடிவுரை தெளிவாக இல்லை என்று நடுவர் மார்க்கைக் குறைத்துவிட்டார்.

சித்தப்பா போனில் கூப்பிட்டார். நன்றாகத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "தெரியலைன்னு மேடையில நின்னு சொல்ல எனக்கு முப்பது வருஷ சர்வீஸ்ல தைரியம் வரலைடா" என்றார். தமிழில்தான் சொன்னார்.